மூன்றாவது கை

அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற கட்டிங்காரர் தன் மைத்துனனை மன்னித்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அது. கட்டிலைச் சுற்றி அச்சகத்து முதலாளி, புரூஃப் பார்க்கிற சார், பைண்டிங் பெண்கள் மூன்று பேர், கட்டிங்காரரின் மனைவி, அவளுடைய தம்பி பென்சில், கடைசியில் நான். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பான், ஆளும் அதே வாகு என்பதால் அவனுக்கு அந்தப் பேர். முப்பத்தொரு வயசாகியும் பேர் மாறவில்லை.

நான் அந்த அச்சகத்து ஆள் இல்லை. இந்த ஊரில் இருக்கிற எட்டு அச்சகங்களுக்கும் மெஷின் பழுது பார்க்கிறவன். கட்டிங்காரர் வீட்டு மாடியில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். எனக்குச் சமைக்க வராது, பெண்டாட்டியும் இல்லை. சாயங்காலச் சாப்பாடு கீழே அவர்கள் வீட்டில்தான். அவர்கள் குடும்பத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டிங்காரரின் வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டுத் தலையணை மேல் வைத்திருந்தது. பென்சில் கட்டிலின் கால்மாட்டில் தலை நிமிராமல் நின்றான். மூன்று நாளாக அவன் யாரோடும் பேசவில்லை. கட்டிங்காரர் அவனைப் பார்த்தார், பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"விடு மாப்ள. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல. மன்னிச்சுட்டேன். இதப் பத்தி இனிமே யாரும் பேசக் கூடாது" என்றார்.

பைண்டிங் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புரூஃப் சார் கண்ணாடியைக் கழற்றினார். முதலாளி அப்போதுதான் மூச்சே விட்டவராக எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். நானும் மூக்கைச் சிந்தினேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். மனைவி மட்டும் கஞ்சி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். அது இறுகின பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் தம்பியிடம், இனிமேல் வீட்டுக்கு வர வேண்டாம் என்றாள். சத்தம் போடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மாமாவே மன்னிச்சுட்டாரேக்கா" என்றான் அவன்.

"அது மாமா. நான் இன்னும் எதுவும் சொல்லலையே."

அம்மா செத்தபோது அவனுக்கு எட்டு வயசு. அன்றிலிருந்து அவன் அக்காவின் கையில்தான் வளர்ந்தான். அவளுக்குக் கல்யாணமானபோது கூடவே அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். அவள் அப்படிச் சொன்ன அன்றைக்கே அச்சகத்துப் பேப்பர் கிடங்குக்குப் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கட்டிங் மெஷினைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அகலமான இரும்பு மேஜை. அதற்கு மேலே இரண்டு முழ நீளத்துக்கு ஒரு கத்தி தொங்கும். அடுக்கின பேப்பர் கட்டைக் கத்திக்குக் கீழே தள்ளி வைத்தால், முதலில் ஒரு இரும்புப் பட்டை இறங்கிக் கட்டை அழுத்திப் பிடிக்கும், பின்னாலேயே கத்தி இறங்கும். ஐந்நூறு தாளும் ஒரே வெட்டு. இதை இயக்க மேஜையின் முன்பக்கம் இடது கோடியில் ஒரு பச்சை சுவிட்ச், வலது கோடியில் ஒரு பச்சை சுவிட்ச். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி அசையும். அதாவது அழுத்துகிறவனின் இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். அந்த மெஷினைச் செய்தவன் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவன் என்று நான் சொல்வதுண்டு. ஆனால் மழைக்காலத்தை அவனுக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் பேப்பர் ஈரத்தைக் குடித்து ஓரம் சுருண்டுகொள்ளும். பட்டை இறங்கிப் பிடிக்கிற வரைக்கும் கட்டை ஒரு கையால் அமுக்கி நேராக்கி வைக்காவிட்டால் வெட்டு கோணலாகப் போய்விடும், மொத்தக் கட்டும் வீண். அதற்கு இன்னொரு கை வேண்டும். அதனால் கட்டிங் வேலை செய்கிறவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு மரத்துண்டை வலது சுவிட்சுக்கும் அதைச் சுற்றியிருக்கிற வளையத்துக்கும் நடுவில் செருகிவிட்டால், அந்த சுவிட்ச் அழுந்தினபடியே நிற்கும். அப்புறம் இடது கை ஒன்று போதும், வலது கை பேப்பரைப் பார்த்துக்கொள்ளும். அந்தத் துண்டுக்கு அவர்கள் வைத்த பேர் மூணாவது கை. நான் போகிற எல்லா அச்சகத்திலும் இது உண்டு. சில இடத்தில் தீப்பெட்டி அட்டை, சில இடத்தில் மடித்த தகரம். இந்த அச்சகத்தில் இருந்தது நல்ல வேலைப்பாடு, பக்குவமாகச் செதுக்கி இழைத்தது.

இதற்கு அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம். மெஷினை விட்டு ஒரு அடி நகர்ந்தாலும் மூணாவது கையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால் அது இல்லாதபோது ஒரு சுவிட்சின் மேல் கையை ஊன்றி நிற்பது பழக்கம். ஒன்றை மட்டும் அழுத்தினால் ஒன்றும் ஆகாதே. எட்டு வருஷமாக யாரும் அந்தச் சட்டத்தை மீறவில்லை.

அன்றைக்குப் பென்சில் நோட்டுப் புத்தக அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தான். கட்டிங்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பேப்பர் லாரி வந்து நின்றது, கூடவே மழையும் வந்தது. பேப்பர் நனைகிறது, எல்லாரும் வாங்க என்று முதலாளி கத்தினார். பென்சில் ஓடினான். டீயை முடித்துவிட்டு வந்த கட்டிங்காரர் பாதியில் நிற்கிற கட்டைப் பார்த்தார். ஒரு மூலை மடிந்திருந்தது. இடது உள்ளங்கையைச் சும்மா சுவிட்சின் மேல் ஊன்றிக்கொண்டு, வலது கையை உள்ளே விட்டு மடிப்பை நீவினார். லாரியில் இரண்டாவது பண்டலுக்குக் குனிந்தபோது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்ததாகப் பென்சில் பிறகு என்னிடம் சொன்னான். பை காலியாக இருந்தது. அவன் திரும்புவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. நான்கு விரல்கள் போய்விட்டன, கட்டைவிரல் மட்டும் மிச்சம்.

இரண்டு வாரத்தில் கட்டிங்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவி ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். ஏழரைக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும், யாருக்காகவும் காத்திருக்காது. அதற்குள் அவருக்குப் பிரஷ்ஷில் பேஸ்ட்டைப் பிதுக்கி வைக்க வேண்டும், குளிக்க வைத்துத் தலை துவட்ட வேண்டும், சவரம், சட்டை, பெல்ட், செருப்பு, மத்தியானத்துக்குச் சோற்றைப் பருப்போடு பிசைந்து ஸ்பூன் போட்டு மூடி வைக்க வேண்டும். மாடிப்படியில் இறங்கும்போது நான் பார்ப்பேன். அவர் சின்னப் பையனாட்டம் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார், அவள் கீழிருந்து மேலாகப் பட்டன் போட்டுக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

கட்டிங்காரர் கலகலப்பான ஆள். கை போன பிறகும் அது போகவில்லை. இல்லாத சுண்டுவிரல் அரிக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்திருந்த புரூஃப் சாருக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லா மதத்துப் புத்தகங்களையும் அச்சுப் பிழை தேடியே படித்து முடித்தவர் அவர். உடம்பின் விரல்தான் போயிருக்கிறது, ஆத்மாவின் விரல் அங்கேயே இருக்கிறது, அதை எந்தக் கத்தியும் வெட்ட முடியாது என்று விளக்கினார்.

"அப்ப அதைச் சொறிஞ்சு விட ஒரு ஆத்மாவைப் பார்த்து அனுப்புங்க சார்" என்றார் கட்டிங்காரர். நான் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்குத்தான் அவர் பென்சிலின் பேச்சை எடுத்தார். மழை விடவில்லை, கிடங்கில் எலி ஓடுகிறது, மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நான் மன்னித்த பிறகு உனக்கென்ன என்று அவர் மறுபடியும் கேட்டார். அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்க கை மட்டுமா போச்சு? அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சவ இப்ப நாலு மணிக்கு எழுந்திரிக்கிறேன். வேன்ல தூங்கி விழறேன். போன வாரம் ரெண்டு காலரைத் தப்பாத் தைச்சு சூப்பர்வைசர்கிட்ட நின்னேன். இதெல்லாம் ஆஸ்பத்திரியில உங்களுக்குத் தெரிஞ்சுதா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க உங்க பங்கை மன்னிச்சீங்க. சரி. என் பங்கு என்கிட்ட இருக்கு."

புரூஃப் சார் மெதுவாக இருமினார். கடவுளே மன்னிக்கும்போது மனிதர் மன்னிக்காமலிருப்பது பெரிய பாவமென்று எல்லா நூலிலும் இருக்கிறது என்றார்.

"கடவுள் மன்னிக்கட்டும் சார். அவருக்கென்ன, காலையில வந்து இவருக்குப் பட்டன் போட்டு விடறது அவரா?"

சார் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "வேற யாராவது செஞ்சிருந்தா நாலு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன். இவன் நான் வளர்த்தவன். ஒரு பொருளை எடுத்தா எடுத்த இடத்துல வைடான்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். என்னால முடியல." அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வழியனுப்பப் போன என்னோடு புரூஃப் சார் தெருமுனை வரை பேசிக்கொண்டே வந்தார். யார் பொறுப்பு என்பது அவருக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது. எடுக்க மறந்தவனா, பார்க்காமல் கையை விட்டவரா, கத்திக் கூப்பிட்ட முதலாளியா, இந்த மழையா? மழை என்றால் அதைப் பெய்ய வைத்தவனையும் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். அப்படி இழுத்துக்கொண்டே போனால் எந்த மெஷினையும் ரிப்பேர் பார்க்க முடியாது சார், எந்தப் பாகத்தை மாற்ற முடியுமோ அதைத்தான் கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும் என்றேன் நான். எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அடுத்த வாரம் அச்சகத்தில் பெல்ட் மாற்றப் போனபோது பென்சிலைப் பார்த்தேன். கிடங்கில் பேப்பர் பண்டல்களுக்கு நடுவே பலகை போட்டுப் படுக்கை. கட்டிங் மெஷின் பக்கமே போவதில்லை, நோட்டுப் புத்தகத்துக்குக் கம்பிப் பின் அடிக்கிற வேலை செய்துகொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. காதில் பென்சில் இல்லை. சனிக்கிழமை வண்டியில் போவதாகச் சொன்னான். தூரத்து நகரத்தில் அட்டைப் பெட்டி செய்கிற கம்பெனியில் சிநேகிதன் இருக்கிறானாம். வியாழக்கிழமை விபத்து விசாரணை, அது முடியட்டும் என்றுதான் இருக்கிறான்.

போனால் வர மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவும் கூப்பிட மாட்டாள். அப்படியே இருபது வருஷம் போய்விடுகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

மாமாதான் மன்னித்துவிட்டாரே, அக்காவுக்கும் மனசு ஆறும், கொஞ்சம் பொறு என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுதாண்ணே கஷ்டமா இருக்கு. நாலு அறை விட்டிருந்தார்னா வாங்கிக்கிட்டு அங்கயே கிடந்திருப்பேன். மன்னிச்சுட்டேன், யாரும் பேசக் கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம் நான் என்ன பேசறது? வாயத் தைச்சுட்ட மாதிரி ஆயிடுச்சு."

இன்னும் ஏதோ சொல்ல வந்தான். என்னைப் பார்த்தான், பின்னை எடுத்து அடிக்க ஆரம்பித்துவிட்டான். நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். சின்ன வயசுப் பெண். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு முதலாளி அறையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதினார். அந்த மரத்துண்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜை மேல் வைத்திருந்தார். கட்டிங்காரர், மனைவி, பென்சில், நான், நான்கு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று சொன்னதால் மனைவி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

இப்படி ஒன்று இருக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்றார் முதலாளி. சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்தார். அடுத்து ஆய்வாளர் என்னைக் கேட்டார்.

"நீங்க இந்த மெஷினை வருஷத்துக்கு ரெண்டு தடவை சர்வீஸ் பண்றீங்க. இதை எப்பவாவது பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

பார்த்திருக்கிறேன். இரண்டு தடவை. முதல் தடவை நானே அதை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்து, வேலை முடிந்ததும் கட்டிங்காரர் கையில் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை, முனை சொரசொரப்பாக இருக்கிறது, வளையத்தைக் கீறும், உப்புத் தாள் போட்டுத் தேயுங்கள் என்று புத்தியும் சொன்னேன். அதைக் கேட்டுத் தேய்த்தார். மெஷினுக்குச் சேதம் வரக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. ஏன் இல்லை என்று சொன்னேன் என்றால், பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி மற்ற ஏழு அச்சகங்களைப் பற்றி வந்திருக்கும். அத்தனை முதலாளிகளும் என் வேலைக்கு உலை வைத்துவிடுவார்கள்.

பென்சில் எழுந்து நின்று சொன்னான். நான்தான் செருகினேன், நான்தான் எடுக்க மறந்தேன் என்றான். இதைச் செய்தது யார் என்று ஆய்வாளர் கேட்டார். தெரியாது, முன்னாடியே இருந்தது என்றான். கட்டிங்காரர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எதற்கு உபயோகிப்பார்கள் என்று தெரியுமா என்று கேட்டு ஆய்வாளர் உறையைக் கட்டிங்காரரின் மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கிப் புரட்டினாள். ஒரு முனையில் பயறளவுக்குக் கறுப்பாகத் தீய்ந்த தழும்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது எங்க வீட்டு மரக் கரண்டிங்க" என்றாள். "அடுப்புல பட்டுத் தீஞ்சது. காம்பு உடைஞ்சு போச்சு, குப்பையில போட்டுட்டேன்னு இவர்தான் சொன்னாரு."

பென்சில் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கிடங்கில் என்னிடம் சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கு அப்போது புரிந்தது.

"நான்தாம்மா செதுக்கினேன். எட்டு வருஷம் ஆச்சு" என்றார் கட்டிங்காரர். "அவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். வேணாம் மாமா, பயமா இருக்குன்னான். பயந்தா கட்டிங் வேலைக்கு ஆகமாட்டன்னு நான் சிரிச்சேன்."

ஆய்வாளர் அதை அப்படியே எழுதினார். கட்டிங்காரர் இடது பெருவிரல் ரேகை வைத்தார். தாள் நகராமலிருக்க மனைவி ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது அவள் குடையோடு முன்னால் நடந்தாள். அவர் நனைந்துகொண்டே பின்னால் வந்தார். நான் என் குடையை அவருக்குப் பிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள், கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள். உலை வைத்தாள், முட்டை அவித்தாள், எனக்கும் சேர்த்து மூன்று தட்டு வைத்தாள். சோற்றைப் போட்ட பிறகுதான் பேசினாள்.

"பாதியை மறைச்சுட்டு மீதியை மன்னிச்சீங்க."

அவர் ஸ்பூனைத் தட்டில் வைத்தார்.

"ஆமா" என்றார். இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டு, "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் கரண்டிக் காம்புதான். கை போனது கூட அப்புறம்தான். எல்லாரும் வந்து நின்னீங்களா, யாராவது கேட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சு. மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா பேச்சு அதோட முடிஞ்சுரும்னு பார்த்தேன். மன்னிக்கிறவனைப் பார்த்து யாரு கேள்வி கேப்பா? நீங்கல்லாம் அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது" என்றார்.

"அவனும் உங்களைக் காட்டிக் குடுக்கல பாருங்க. கிடங்குல எலியோட படுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டுக் கிடந்தான். நான் அவனைப் போய்…" அவள் முடிக்கவில்லை. முட்டை ஓடுகளை ஒன்றாகச் சேர்த்தாள். பிறகு தன் தையல் மெஷினைப் பற்றிச் சொன்னாள். ஊசிக்கு முன்னால் விரல் போகாமல் ஒரு கம்பி இருக்குமாம். வேகமாகத் தைக்க அது இடைஞ்சல். கம்பெனியில் எல்லாருமே அதைக் கழற்றித்தான் வைத்திருக்கிறார்களாம், அவளும்தான். நாளைக்குப் போய் முதல் வேலையாக அதை மாட்ட வேண்டும் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

பென்சில் வர மாட்டேன் என்றுதான் சொன்னான். பெட்டியைக் கட்டி வைத்திருந்தான். அக்கா கூப்பிட்டாள் என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கட்டிங்காரர் எழுந்து வாசலுக்குப் போனார்.

"மாப்ள, அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறேன். உன்னை மன்னிக்க நான் யாரு? நீதான் என்னை மன்னிக்கணும்."

"எடுக்க மறந்தது நான்தான மாமா."

"அது உன்னுது. அதை நான் இல்லேன்னு சொல்லல. என்னோடது வேற. அதுக்குத்தான் கேக்கறேன்."

பென்சில் குலுங்கிக் குலுங்கி அழுதான். மூன்று வாரமாக அடக்கி வைத்தது. கட்டிங்காரர் இடது கையை அவன் தோளில் போட்டார், அவருக்கும் அழுகை வந்துவிட்டது. எனக்கு மனசு நிறைந்தது. இதோ, எந்தப் பாகம் பழுது என்று தெரிந்துவிட்டது, இனி ஓடும் என்று நினைத்தேன்.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சுக்கிட்டு நல்லவங்களாயிடாதீங்க" என்றாள் அவள் உள்ளேயிருந்து. "நான் ஒருத்தி இங்க இருக்கேன்."

இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவள் வந்து தம்பியைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"சனிக்கிழமை எங்கயும் போக வேணாம். போயிட்டா உனக்குச் சுலபம். நாளையிலேருந்து நாலு மணிக்கு நீ எழுந்திரு. மாமாவுக்குப் பல் விளக்கறதுலேருந்து செருப்பு மாட்டற வரைக்கும் உன் வேலை. நான் அஞ்சு மணி வரைக்கும் தூங்கணும்."

"சரிக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மன்னிச்சுட்டியாக்கா?"

"இல்ல. அது வர்றப்ப வரும். அதுக்காக நீ எழுந்திரிக்காம இருந்துராத."

பிறகு புருஷனைப் பார்த்து, "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றாள். அவர் தலையாட்டினார். பென்சில் படி ஏறி உள்ளே வந்தான். அவள் நான்காவது தட்டை எடுத்து வைத்தாள்.

நான் சாப்பிட்டு முடித்திருந்தேன். குழாயடியில் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குக் கிளம்பினேன். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க எதையும் பார்க்கலைல்லண்ணே?"

நான் கட்டிங்காரரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். அவர் சொல்லவில்லை என்று தெரிந்தது. என்னைக் காட்டிக் கொடுக்காமல்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்.

"போன வருஷம் உப்புத் தாள் வேணும்னு இவரு மாடிக்கு உங்ககிட்ட வந்தாரு. எதுக்குன்னு கேட்டேன். மெக்கானிக் சொன்னாருன்னு மட்டும் சொன்னாரு. அந்தக் கட்டையைக் கையில வாங்கிப் பார்த்தப்ப வழவழன்னு இருந்துச்சு."

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த ஒரு நிமிஷமும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேன் தங்கச்சி. ரெண்டு தடவை" என்றேன். "மன்னிச்சுடு."

பதினோரு வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் நான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்கே கூசியது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அது.

"என்கிட்ட எதுக்குண்ணே கேக்கறீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "இன்னும் ஏழு இடத்துல இதே கட்டை இருக்குமே. அங்கயும் கையை உள்ள விட்டு நீவறவங்க இருப்பாங்க. விசாரணைக்கு வந்த அம்மாவோட ஆபீஸைக் காலையில பத்து மணிக்குத் திறப்பாங்க."

மாடிக்குப் போய் ஒரு தாளில் ஏழு அச்சகங்களின் பேரையும் எழுதினேன். மூன்றாவது பேரை எழுதும்போது கை நின்றது. அந்த முதலாளிதான் எனக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவர். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதையும் எழுதினேன். நாளையிலிருந்து எட்டு முதலாளிகளில் யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

காலையில் நாலு மணிக்கே கீழே பென்சில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பதரைக்கே அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். தூறிக்கொண்டிருந்தது. காவல்காரர் கேட்டுக்குள்ளிருந்து என்ன விஷயம் என்று கேட்டார்.

"ஒரு வாக்குமூலம் குடுக்கணும்" என்றேன்.

"யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான்."

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, கேட்டைத் திறந்து, உள்ளே கிடந்த ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.